லிஃப்ட் போட்டாச்சு, இனி கீழ குனிஞ்சு பாருங்கோ

யாழ்ப்பாணத்தில மலையும் இல்லை, ஏத்தமும் இல்லை, பிறகென்னத்துக்கு உந்தப் பெடியள் டபுள் கப் பிக்கப்பை லிஃப்ட் போட்டு, அதாவது ஸ்பிறிங்கும் ஷொக்கும் மாத்தி, ரண்டு இஞ்சி மூண்டு இஞ்சி உயர்த்திக்கொண்டு திரியிறாங்கள் எண்டு கேக்கிற ஆக்கள் கனபேர். கேள்வி நியாயம்தான். ஆனா மணற்காட்டுப் பக்கம் ஒருக்கா மணலுக்க இறக்கிப் பாத்தவனுக்கும், மருதங்கேணி தாண்டிக் கட்டைக்காடு மட்டும் கடற்கரையால போனவனுக்கும், மாரியில வன்னிக் குளக்கட்டு ரோட்டில வாகனத்தின்ர வயிறு நிலத்தில முட்டி நிண்டவனுக்கும் அதுக்குப் பதில் தெரியும். இன்னொரு காரணமும் இருக்கு. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினது, தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியிலதான், அந்த இடைவெளிக்குள்ள புதுசு வாங்க ஏலாத சனம் எல்லாம் வளவுக்க நிண்ட பழைய எல்என்106 ஹைலக்ஸையும் பஜேரோவையும் டிஃபென்டரையும் தூசு தட்டித் திருத்தத் தொடங்கிச்சினம், திருத்திறதெண்டு வெளிக்கிட்டால் ஸ்பிறிங்கும் ஷொக்கும் மாத்தத்தானே வேணும், மாத்திறது மாத்திறம் கொஞ்சம் உயர்த்திப் போடுவம் எண்டு முடிஞ்சிடும்.

இது எந்த லிஃப்ட் கிட் நல்லது எண்டு சொல்லிற கட்டுரை இல்லை. போட்டு முடிஞ்சு கராச்சால வெளிய வந்த பிறகு என்ன பாக்கோணும் எண்டதுதான் விசயம். நான் கண்ட அளவில எல்லாரும் புதுசாப் போட்ட சாமானைத்தான் குனிஞ்சு குனிஞ்சு பாக்கினம், மினுங்கிற ஷொக், பெயின்ற் அடிச்ச ஸ்பிறிங், அதைப் படம் எடுத்துப் போடுறது வேற. கரைச்சல் தாறது அதுகள் இல்லை. கிட்டுப் பெட்டிக்குள்ள வராத பழைய சாமான்தான் கரைச்சல் தரும். பிறேக் ஹோஸ், ஹாண்ட் பிறேக் கேபிள், கியர்ப் பெட்டியின்ர சுத்தை அக்சிலுக்குக் கொண்டுபோற புறொப்பெல்லர் ஷாஃப்ட், ஹெட்லைட், ஜக். இதுகள் எல்லாம் பழைய உயரத்துக்கெண்டு அளந்து செய்த சாமான்கள். வாகனம் உயர்ந்திட்டுது எண்டு அதுகளுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

முதல் ஒரு அளவுநாடா எடுங்கோ. சமமான சீமெந்து நிலத்தில நிப்பாட்டி, நாலு சில்லிலயும் சில்லின்ர நடுவில இருந்து மட்காட் விளிம்பு மட்டும் அளந்து எழுதி வையுங்கோ. நிலத்தில இருந்து அளக்காதேங்கோ, காத்துக் குறைஞ்ச ரயர் உங்களை ஏமாத்தும். லிஃப்டுக்கு முன்னமே அளந்திருந்தால் இன்னும் நல்லம், ஏனெண்டால் பெட்டியில ரண்டு இஞ்சி எண்டு போட்டிருந்தாலும் முப்பது வருசம் பாரம் சுமந்து படுத்துப்போன ஸ்பிறிங்கைக் கழட்டிப் போட்டுப் புதுசு பூட்டினால் மூண்டும் வரும் மூண்டரையும் வரும். அளவு தெரியாமல் பிறகு ஒண்டும் கதைக்க ஏலாது, அலைன்மென்ற் காரனுக்கும் நீங்கள் என்ன சொல்லுவியள்? இடப்பக்கமும் வலப்பக்கமும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், பெற்றோல் டாங்கி ஒரு பக்கம், டிரைவர் ஒரு பக்கம். புது ஸ்பிறிங் ஓட ஓடக் கொஞ்சம் அமரும், அதுக்குப் பயப்பிட வேண்டாம். ஒரு மூலை மட்டும் தனியா இறங்கிக்கொண்டு போனால்தான் யோசிக்கோணும்.

இனி இறுக்கிறது. இதில கன கராச்சில ஒரு பிழை நடக்குது. வாகனத்தை ஜக்கில ஏத்தி, சில்லுத் தொங்கத் தொங்கவே எல்லா போல்டையும் முழுசா இறுக்கிப்போட்டு இறக்கி விடுறது. சில்லைத் தாங்கிற இரும்புக் கையும் ஸ்பிறிங்கும் சேஸிஸில, அதாவது வாகனத்தின்ர அடிச்சட்டத்தில, பூட்டிற இடத்தில இருக்கிற றப்பர் புஷ் எண்டது சுத்திற சாமான் இல்லை. உள்ளுக்க இருக்கிற இரும்புக் குழாயும் வெளியில இருக்கிற கூடும் றப்பரோட ஒட்டிக் கிடக்குது, அந்த இரும்புக் கை மேல கீழ போகேக்க அந்த றப்பர் முறுகித்தான் இடம் குடுக்குது. தொங்கேக்க இறுக்கினால் அதுதான் அதுக்கு நடுநிலை, நிலத்தில இறக்கின உடனை றப்பர் முறுகினபடியே நிக்கும், பள்ளத்தில விழுந்தால் இன்னும் முறுகும், கொஞ்ச நாளில வெடிக்கும். அது மட்டுமில்லை, முறுகின புஷ் வாகனத்தைத் தாங்கிப் பிடிச்சு வைச்சிருக்கிறதால நீங்கள் அளந்த உயரமும் பொய். அதால வாகனத்தை நாலு சில்லில நிப்பாட்டி, நல்லா ரண்டு தரம் ஆட்டி, பிறகுதான் புஷ் போற போல்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்கோணும். உங்கட கராச்சில எப்பிடிச் செய்தவை எண்டு தெரியாட்டில் அந்த போல்டுகளை நிலத்தில வைச்சு இளக்கித் திரும்ப இறுக்குங்கோ, அரை மணித்தியால வேலை. பொலியூரித்தேன் புஷ் எண்டால் கதை வேற, அது சுத்தும், ஆனா கிறீஸ் கேக்கும், கிறீஸ் இல்லாட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கிணத்துக் கப்பி மாதிரிக் கத்தும்.

தகட்டு ஸ்பிறிங் வாகனத்தில யூ போல்ட்தான் எல்லாம். தகட்டுக் கட்டையும் அக்சிலையும் சேத்துப் பிடிக்கிறது அது ஒண்டுதான். பழைய யூ போல்டைத் திரும்பப் போட்டிருந்தால் மாத்துங்கோ, ஒருக்கா இழுபட்டு இறுகினது திரும்ப அதே பிடி பிடிக்காது, விலையும் பெரிசில்லை. புதுசெண்டாலும் முதல் 100 கிலோமீற்றரில ஒருக்கா, 500 இல ஒருக்கா, எவ்வளவு இறுக்கம் எண்டு அளந்து காட்டிற டோர்க் ஸ்பனரால பாக்கிறது என்ர வழக்கம். தகடுகளுக்கு இடையில இருக்கிற பெயின்ற் தேய்ஞ்சு, எல்லாம் ஒண்டோட ஒண்டு படிஞ்சு வரேக்க இறுக்கம் குறையும், அது ஆற்றையும் பிழை இல்லை. எவ்வளவு டோர்க் எண்டு உங்கட வாகனத்தின்ர புத்தகத்தில இல்லாட்டி கிட்டோட வந்த தாளில இருக்கும். குழாய் போட்டு நீட்டி மிதிச்சு இறுக்கிற அண்ணைமாரும் இருக்கினம். நான் ஒருத்தரிட்டக் கேட்டன், "அண்ணை, டோர்க் ஸ்பனர் இல்லையோ?" "தம்பி, இந்தக் கைக்குத் தெரியாததோ." கைக்குத் தெரியும்தான், ஆனா நாலு யூ போல்டிலயும் ஒரே அளவா எண்டு கைக்குத் தெரியாது.

பிறேக்குக்கு வருவம். இதில கொஞ்சம் நேரம் எடுங்கோ. சேஸிஸில ஜக் வைச்சு, ஸ்டாண்ட் குடுத்து, சில்லு ரண்டும் முழுசாத் தொங்கிற மட்டும் ஏத்துங்கோ. ஒராள் ஸ்டியரிங்கை ஒரு கரையில இருந்து மற்றக் கரை மட்டும் ஆறுதலாத் திருப்பட்டும், நீங்கள் கீழ படுத்திருந்து ஹோஸைப் பாருங்கோ. இழுபட்டு நேர்கோடா நிக்கக் கூடாது, எந்த இடத்திலயும் கொஞ்சம் வளைவு மிச்சம் இருக்கோணும். முக்கியமாப் பாக்கவேண்டிய இடம் றப்பரும் இரும்பு முனையும் சேருற கழுத்து, அங்க மடிஞ்சு நிண்டால் அல்லது கை வைக்கேக்க சின்னச் சின்ன வெடிப்பு நெருடினால் அந்த ஹோஸ் போயிட்டுது எண்டு அர்த்தம். முன்பக்கம் ரண்டையும் எல்லாரும் பாப்பினம். பின் அக்சிலுக்கு சேஸிஸில இருந்து நடுவில ஒரு ஹோஸ் இறங்கும், அதைத்தான் மறக்கிறது. அது அறுந்தால் பின்பக்கப் பிறேக் முழுக்கப் போச்சு. அதே இடத்தில படுத்திருக்கேக்கயே ஹாண்ட் பிறேக் கேபிளையும், ஏபிஎஸ் வயர் இருந்தால் அதையும், டிஃப்பில (அக்சில் நடுவில இருக்கிற பல்லுச் சக்கரக் கூடு) இருந்து மேல போற மெல்லிய மூச்சுக் குழாயையும் பாருங்கோ. அந்தக் குழாயை ஒருத்தரும் கணக்கெடுக்கிறதில்லை, அது கழண்டு போனால் அடுத்த தரம் தண்ணிக்குள்ள இறக்கேக்க சூடான டிஃப் குளிர்ந்து தண்ணியை உள்ளுக்க இழுக்கும், பேந்து எண்ணெய் பால் நிறத்தில வெளிய வரும்.

ஹைலக்ஸ், எல்200 மாதிரிப் பழைய பிக்கப் வைச்சிருக்கிற ஆக்கள் இந்தப் பந்தியை ரண்டு தரம் வாசியுங்கோ. பின் அக்சிலுக்கு மேல சேஸிஸில ஒரு பிறேக் வால்வு பூட்டிக் கிடக்கும், அதில இருந்து ஒரு மெல்லிய கம்பியோ ஸ்பிறிங்கோ அக்சிலுக்குப் போகும். பாரத்தைப் பாத்துப் பின் பிறேக்குக்கு அழுத்தம் குடுக்கிற வால்வு அது. அதுக்குத் தராசு ஒண்டும் இல்லை, அதுக்குத் தெரிஞ்சது சேஸிஸுக்கும் அக்சிலுக்கும் இடையில இருக்கிற தூரம் மட்டும்தான். சீமெந்து ஏத்தினால் பின்பக்கம் படுக்கும், தூரம் குறையும், வால்வு பின்னுக்குக் கூட அழுத்தம் விடும். வெறும் பெட்டியெண்டால் தூரம் கூட, அழுத்தம் குறைவு, இல்லாட்டில் வெறும் பெட்டியில பின் சில்லு இறுகிச் சறுக்கும். இப்ப நீங்கள் பின்னுக்கு ரண்டு இஞ்சி உயர்த்திட்டியள். வால்வு என்ன நினைக்கும்? பெட்டி வெறுமையிலும் வெறுமை எண்டு நினைக்கும். பத்து மூட்டை ஏத்தினாலும் பின் பிறேக் அரைகுறையாத்தான் பிடிக்கும், எல்லாத்தையும் முன்பக்கம் சுமக்கும், பெடல் அமத்த மூக்குக் குத்தும், நிக்கிற தூரம் கூடும். ஆளுக்கு இது லிஃப்டால வந்தது எண்டே விளங்காது, பிறேக் பாட் சரியில்லை எண்டு பாட் மாத்திக்கொண்டு இருப்பார்.

திருத்திறது லேசு. உயர்த்தின அளவுக்கு அந்தக் கம்பியின்ர அக்சில் பக்கத்து முனையையும் ஒரு பிராக்கெட் வைச்சு உயர்த்தினால் வால்வுக்குப் பழைய தூரம் திரும்பக் கிடைக்கும், லேத் கடையில ஒரு தகட்டை வளைச்சு ஓட்டை போட்டுத் தருவினம். ஆனா கவனம், பிறேக் பத்தேல்லை எண்டு கம்பியைக் கண்டபடி உயர்த்தி விடாதேங்கோ. பின் சில்லு முன் சில்லுக்கு முதல் இறுகினால் வாகனம் குறுக்கால திரும்பும், அதுவும் மழை நேரத்து ஈரத் தார் ரோட்டில எண்டால் சொல்ல வேண்டாம். செய்து முடிய ஆக்கள் இல்லாத வெளியான இடத்தில, மெதுவான ஓட்டத்தில பிடிச்சுப் பிடிச்சுப் பாருங்கோ, பேந்துதான் பிரதான வீதி.

ஸ்டியரிங். லிஃப்ட் போட்டு வெளிய வந்த உடனை ஸ்டியரிங் சக்கரம் ஒரு பக்கம் சரிஞ்சு நிண்டால் பதறாதேங்கோ, முன் அக்சில் ஒரே துண்டான வாகனத்தில அது எதிர்பாத்ததுதான். ஸ்டியரிங் பெட்டியில இருந்து சில்லுக்குப் போற தண்டு சாய்ஞ்சிட்டுது, அதால கணக்கு நீளம் மாறிப்போச்சு. அந்தத் தண்டைத்தான் நீட்டியோ குறைச்சோ சரிப்பண்ணோணும். சில ஆக்கள் சக்கரத்தைக் கழட்டி நேரா வைச்சுப் பூட்டித் தருவினம், கண்ணுக்கு நேரா இருக்கும், உள்ளுக்க பெட்டி நடுவை விட்டு விலகித்தான் நிக்கும், ஒரு பக்கம் கூடத் திரும்பும் மற்றப் பக்கம் குறையத் திரும்பும். டிஃபென்டர் மாதிரிக் கொயில் ஸ்பிறிங்கில, அக்சிலைக் குறுக்கால சேஸிஸோட பிடிக்கிற பானார்ட் தண்டு இருந்தால், உயர்த்த உயர்த்த அது முன் அக்சிலையே ஒரு பக்கமா இழுக்கும். ரண்டு பக்கமும் ரயரில இருந்து சேஸிஸ் மட்டும் அளந்தால் பிடிபடும்.

அதை விடக் காஸ்டர். சில்லுத் திரும்பிற அச்சு பின்னுக்குச் சரிஞ்சு நிக்கிற சாய்வு அது, அந்தச் சாய்வு இருக்கிறதாலதான் வளைவு முடிய ஸ்டியரிங்கை விட்டால் தானா நேருக்கு வருது. கொயில் வைச்ச ஒரே துண்டு அக்சிலில உயர்த்தினால் அது குறையும், நீள ஷக்கிள் (தகட்டு ஸ்பிறிங்கின்ர நுனியைச் சேஸிஸோட தொடுக்கிற துண்டு) போட்டு உயர்த்தின தகட்டு வாகனத்திலயும் மாறும். டவுனுக்க ஓடேக்க ஒண்டும் தெரியாது. ஏ9 இல ஆனையிறவு வெளியில சோளகக் காத்து பக்கவாட்டில அடிக்கேக்க தெரியும், வாகனம் ரோட்டில மிதக்கும், நேரா வைச்சிருக்கவே கை உளையும். உந்த நிலைமையில கொண்டுபோய் வீல் அலைன்மென்ற் செய்தாச்சு எண்டு சொல்லுவினம், கேட்டால் டோ, அதாவது மேல இருந்து பாத்தால் சில்லுகள் உள்ளுக்கோ வெளியாலயோ திரும்பி நிக்கிற அளவு, மட்டும்தான் பாத்திருப்பினம். போகேக்கயே காஸ்டரும் அளந்து தாள் தாங்கோ எண்டு கேளுங்கோ. எல்என்106 மாதிரி வாகனத்தில காஸ்டருக்குத் திருப்பிற போல்ட் ஒண்டும் இல்லை, தகட்டுக்கும் அக்சிலுக்கும் இடையில ஆப்பு மாதிரியான ஷிம் வைச்சுத்தான் எடுக்கோணும். விகோ ஹைலக்ஸ் போல முன் சில்லு ரண்டும் தனித்தனியா மேல கீழ போற வாகனத்தில கீழ்க் கையில திருப்பிற போல்ட் இருக்கு, அது கடைசி மட்டும் திரும்பியும் அளவு வரேல்லை எண்டால் மேல் கையை மாத்தத்தான் வேணும், சும்மா காசைக் குடுத்துத் திரும்பத் திரும்ப அலைன்மென்ற் செய்து பலன் இல்லை. இது எல்லாம் புது உயரத்துக்கு ஸ்பிறிங் அமர்ந்த பிறகு இன்னொருக்காப் பாத்தால் நல்லது.

ரண்டாம் தலைமுறைப் பஜேரோவில முன்னுக்கு டோர்ஷன் பார், முறுகி ஸ்பிறிங் வேலை செய்யிற இரும்புத் தண்டு. அதை முறுக்கி உயர்த்திறது சிலவில்லாத வேலை எண்டு கன பேர் செய்யினம். அதில ஸ்பிறிங் மாறேல்லை, சில்லு கீழ இறங்கிற மிச்சத்தைத்தான் திண்டு போட்டியள். சின்னப் பள்ளத்துக்கே டக் எண்டு அடிச்சால், சில்லு இறங்கேக்க மேல் கை தடுப்பு றப்பரில இடிக்குது எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. இளக்கி இறக்குறதுதான் வழி.

புறொப்பெல்லர் ஷாஃப்டுக்குக் காதுதான் முதல் கருவி. 50 இல இருந்து 80 மட்டும் ஆறுதலாக் கூட்டிக்கொண்டு போங்கோ, கண்ணாடியை இறக்கி ரேடியோவை நிப்பாட்டிப்போட்டு. இருக்கைக்குக் கீழ ஒரு அதிர்வு வந்து, அக்சிலேற்றரை விட்ட உடனை அது மாறினால் குறொஸ், அதாவது ஷாஃப்டை மடங்கிச் சுத்த விடுற மூட்டு, நிக்கிற கோணம் பிழை. ஷாஃப்டின்ர ரண்டு நுனியிலயும் ஒவ்வொரு குறொஸ் இருக்கிற சாதாரண ஷாஃப்டில கியர்ப் பெட்டியால வாற கோணமும் டிஃப் பக்கத்துக் கோணமும் கிட்டத்தட்டச் சமமா இருக்கோணும். நடுவில பெயரிங் வைச்ச ரண்டு துண்டு ஷாஃப்ட் எண்டால் வெளிக்கிடேக்க மட்டும் ஒரு நடுக்கம் வரும், அந்தப் பெயரிங்கைக் கொஞ்சம் கீழ இறக்கிறதுக்கு ஒரு இரும்புத் துண்டு வைச்சால் கன வாகனத்தில அடங்கிப்போகும். சில்லுத் தொங்கேக்க ஷாஃப்டின்ர வழுக்கிற பல் எவ்வளவு வெளிய வந்திருக்கு எண்டும் பாருங்கோ, புதுசா மினுங்கிற பாகம் நீளமாத் தெரிஞ்சால் உள்ளுக்குப் பிடி குறைவு. முன் சில்லுக்குத் தனி ஷாஃப்ட் போற வாகனத்தில அந்த ஷாஃப்ட் ஜொயின்ற்றை மூடிற றப்பர் உறையான சிவி பூட்டின்ர மடிப்புகள் ஒண்டோட ஒண்டு உரசினால் கெதியா வெடிக்கும், அதுக்குள்ள மணற்காட்டு மணல் போனால் ஜொயின்ற் மிச்சம் கிடையாது.

இன்னொரு சின்ன வேலை, பைசாச் சிலவில்லை. ஷொக்கின்ர வெள்ளித் தண்டில ஒரு கேபிள் டை கட்டி அடி மட்டும் இறக்கி விடுங்கோ, ஒரு பள்ளம் பிட்டியான ரோட்டில ஓடிட்டு வந்து பாத்தால் தண்டு எவ்வளவு உள்ளுக்கப் போயிருக்கு எண்டு அது காட்டும். தடுப்பு றப்பர் முட்ட முதல் ஷொக் தன்ர கடைசிக்குப் போகுதெண்டால் அந்த ஷொக் கனகாலம் வராது. ஒரு சில்லை மட்டும் மேட்டில ஏத்தி, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, ரயர் எங்கயாவது உரசுதோ எண்டும் அப்பவே பாத்திடுங்கோ. ரயரைப் பற்றிக் கதைக்கேக்க ஒண்டு, ஸ்பிறிங் லிஃப்ட் ஒரே துண்டு அக்சிலின்ர டிஃப்பை ஒரு நூலும் உயர்த்தாது, உடம்புதான் உயரும். டிஃப் உயரோணும் எண்டால் ரயர் பெருக்கோணும், 265/70ஆர்16 இல இருந்து 265/75ஆர்16 க்குப் போனால் ரயர் விட்டம் 777 மில்லிமீற்றரில இருந்து 804 ஆகும், அதில பாதிதான் டிஃப்புக்கு. ஸ்பீடோமீற்றர் 100 காட்டேக்க உண்மையில 103 க்கு மேல ஓடுவியள்.

ஹெட்லைட்டை எல்லாரும் கடைசிக்கு விடுறது, ஆனா உங்களை விட எதிரால வாறவனுக்குத்தான் அது அவசரம். சமநிலத்தில மதிலுக்கு 10 மீற்றர் தள்ளி நிப்பாட்டி, ஆள் ஒருத்தரை டிரைவர் இருக்கையில இருத்திப்போட்டு, டிம்மைப் போடுங்கோ. லைட்டின்ர நடு உயரத்தை மதிலில கோடு போட்டால், வெளிச்சத்தின்ர மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஒரு 10 சென்ரிமீற்றர் கீழ நிக்கோணும். லைட்டுக்குப் பின்னால திருப்பிற ஸ்குரூ இருக்கு. இரவில லைட் இல்லாமல் சைக்கிளில வாற ஐயாமார் இருக்கிற ஊர் இது, கண் கூசி அவர் கானுக்க விழுந்தால் பிறகு ஆரைக் கேக்கிறது.

கடற்கரையால வந்தால் அடியைக் கழுவுங்கோ, நல்ல தண்ணிக் கிணறெண்டால். உவர்த் தண்ணியால கழுவிறதும் கடலுக்க விடுறதும் ஒண்டுதான். யூ போல்ட் மரையில கிறீஸ் பூசி வைச்சால் அடுத்த தரம் நட்டு உடையாமல் கழரும். இன்சூரன்ஸ் ஆக்களுக்கும் மாத்தின விசயத்தை எழுத்தில சொல்லி வையுங்கோ, விபத்து நடந்த பிறகு அவை கேள்வி கேக்கிறதை விட முதலே நீங்கள் சொல்லிறது மலிவு.

பிறகு ஜக். வாகனத்தோட வந்த ஜக் பழைய உயரத்துக்குத்தான் எட்டும். சேஸிஸில வைச்சு முழுக்க ஏத்தினாலும் புது ஸ்பிறிங் இறங்கிக் குடுத்துக்கொண்டே இருக்கும், சில்லு நிலத்தை விட்டு எழும்பாது. அக்சிலுக்குக் கீழ வைச்சால் ஏறும், ஆனா மணலில ஜக்தான் கீழ போகும். பெரிய ரயர் போட்ட ஆக்களுக்கு ஸ்பெயார் சில்லு பழைய இடத்தில ஏறுதோ எண்டதும் அதோட சேந்த கேள்வி. ஒரு நல்ல போத்தல் ஜக், அதுக்குக் கீழ வைக்க அகலமான பலகைத் துண்டு ஒண்டு, பனஞ்சிலாகைத் துண்டு கிடைச்சால் அதை விட உரமான சாமான் இல்லை, ரண்டையும் பின்னுக்குப் போட்டு, முத்தத்தில நிக்கேக்கயே ஒரு சில்லைக் கழட்டிப் பூட்டிப் பாத்திடுங்கோ. சில்லு நட்டுக்குச் சரியான ஸ்பனரும் பெட்டிக்க கிடக்குதோ எண்டு அப்பதான் தெரியவரும், முக்காவாசி ஆக்களிட்ட அது கிடையாது.